பேர் சொல்லாதது

ஒரு சின்ன காரியம் செய்யுங்களேன். 'குற்றாலம்' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. இப்போது இன்னொரு தடவை, ரொம்ப மெதுவாக.

'கு' சொல்லும்போது நாக்கின் பின்பகுதி எழும்பி அண்ணத்தில் முட்டி விலகுகிறது. அதே நேரம் உதடு குவிகிறது. அடுத்து நாக்கின் நுனி மேல்பல் வரிசைக்குப் பின்னால் போய் அழுத்தி நின்று, விடுகிறது. வாய் 'ஆ' என்று அகலமாகத் திறக்கிறது. 'ல'வுக்கு நாக்கு நுனி மறுபடி மேலே. காற்று இரண்டு ஓரமும் வழிந்து போகிறது. கடைசியில் உதடு மூடிக்கொள்ள, மூக்கு வழியாக 'ம்'. நடுவில் தொண்டை வேறு சரியான இடத்தில் அதிர்ந்து, சரியான இடத்தில் நின்று... இவ்வளவும் ஒரு விநாடிக்குள்!

நம் தொல்காப்பியர் இதையெல்லாம் அப்போதே உட்கார்ந்து கவனித்திருக்கிறார். எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஒரு இயலே இருக்கிறது. உந்தியில் கிளம்புகிற காற்று தலை, கழுத்து, நெஞ்சு என்று தங்கி, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் என்று பட்டு, எழுத்தாகப் பிறக்கிற கதை. எட்டு இடங்களைக் கணக்காகச் சொல்லிவிட்டார். அந்த எட்டையும் வரிசை பிசகாமல் வேலை வாங்குகிற மேஸ்திரி, மூளை.

நீங்களும் நானும் இதை யோசித்துச் செய்வதில்லை. சில குழந்தைகளுக்கு அந்த மேஸ்திரியிடம்தான் சிக்கல். அவர்களுக்கு நாக்கில் பலம் இருக்கும். முறுக்கைக் கடகடவென்று கடிப்பார்கள். காது கேட்கும். நாம் சொல்வது புரியும். தான் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். ஆனால், அந்தச் சொல்லுக்கு எதை முதலில் அசைப்பது, எதை அடுத்து அசைப்பது என்கிற உத்தரவு ஒழுங்காகக் கிளம்பி வராது. இதற்கு 'சைல்ட்ஹுட் அப்ரேக்ஸியா ஆஃப் ஸ்பீச்' என்று பெயர். பேச்சு வராத குழந்தையின் சிரமத்துக்கு, பேச வருகிற நமக்கே வாயில் நுழையாத பெயர்!

எளிமையாகச் சொன்னால் இப்படி. பஸ் நன்றாக இருக்கிறது. ரோடு போட்டிருக்கிறது. பயணிகள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. டிரைவருக்கு மட்டும் ரூட் தெரியவில்லை. ஒரு நாள் செங்கோட்டை போகிறார், ஒரு நாள் கடையம் போகிறார், ஒரு நாள் ஸ்டாண்டை விட்டே கிளம்பவில்லை. உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு சத்தம் போட்டும் பிரயோஜனமில்லை.

என் தங்கை மகளின் பையன் அப்படி ஒரு குழந்தை. 2018-ல் பிறந்தவன். வீடு தென்காசியில், பெரிய கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி. கோயில் வாசலில் காற்று வந்து ஆளைத் தள்ளும் பாருங்கள், அங்கே போய் நின்றுகொண்டு கெக்கே கெக்கே என்று சிரிப்பான். யானையைப் பார்த்தால் தும்பிக்கை மாதிரி கையை ஆட்டிக் காட்டுவான். வாயில் மட்டும் 'ம்மா', 'ஆ', 'ஊ'. இரண்டரை வயதிலும் அதே மூன்று சத்தம்தான்.

வீட்டில் ஆளுக்கொரு சமாதானம். "அவங்க அப்பன் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்பம் கடையில நிறுத்தவா முடியுது?" என்றார் பையனின் ஆச்சி. "கொரோனாவுல பெறந்து வளந்த பிள்ள. ஆள் முகத்தையே பாக்காம வளந்தா எப்படிப் பேசும்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொருவர் செல்போனைச் சொன்னார். சுற்றிச் சுற்றி எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து விழுந்தது. "தாய்க்காரி பிள்ளகிட்ட முகங்கொடுத்துப் பேசணும்லா!"

அவள் பேசாத பேச்சா? பகல் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ராத்திரி எனக்கு போன் போட்டு அழுவாள். "மாமா, நான் என்ன தப்பு செஞ்சேன்னு தெரியலயே?"

ஆச்சி வசம்பை விளக்கில் சுட்டு, உரசி, பேரன் நாக்கில் தடவினார். வசம்புக்கு நம் வீடுகளில் இன்னொரு பெயர் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? 'பேர் சொல்லாதது'. ராத்திரி வேளையில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் வைத்த பெயர். தன் பேரைச் சொல்ல முடியாத பிள்ளைக்குப் பேர் சொல்லாத மருந்து.

அப்புறம் திருச்செந்தூர். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை பேசவில்லையென்றால் யாராவது ஒருவர் குமரகுருபரர் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பிள்ளை, ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் செந்தூர் முருகன் சந்நிதியில் கொண்டுபோய்க் கிடந்தார்கள். பிள்ளை வாய் திறந்ததும் கந்தர் கலிவெண்பாவே வந்துவிட்டது என்பது கதை. கேட்கும்போது எனக்கும் சிலிர்க்கும். கும்பிடப் போவதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கதை நம் மனசில் ஒரு எதிர்பார்ப்பைப் பதித்துவிடுகிறது. பேச்சு என்பது ஒரு நாள் திடீரென்று, பேரருவியில் தண்ணீர் விழுந்த மாதிரி கொட்டும். அதுவரை காத்திருந்தால் போதும் என்று. அப்ரேக்ஸியா பிள்ளைகளின் பேச்சு சாரல் மாதிரிதான் வரும். சொட்டுச் சொட்டாக. அதுவும் தானாக வராது.

மூன்று வயது தாண்டியதும் முதலில் காதைச் சோதித்தார்கள். இது ரொம்ப முக்கியம். பேசாத பிள்ளை எதுவானாலும் முதல் சோதனை காதுக்குத்தான். காது சுத்தம். பிறகு ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனார்கள். இளம் பெண். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. முதல் நாளே பெயர் சூட்டிவிடவில்லை அவர். மூன்று வயதுக்குக் கீழே இதை உறுதியாகச் சொல்வது கஷ்டம். பிள்ளை கொஞ்சமாவது பேச முயன்றால்தானே எங்கே தடுக்கிறது என்று தெரியும்? சில மாதம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

எதை வைத்துச் சொல்கிறார்கள்? 2007-ல் அமெரிக்காவின் பேச்சு, மொழி, கேட்பியல் சங்கம் மூன்று அடையாளங்களைத் தொகுத்துக் கொடுத்தது. ஒன்று, ஒரே சொல்லை மூன்று தடவை சொல்லச் சொன்னால் மூன்று விதமாகத் தப்பு வரும். மழலையில் அப்படி இல்லை. 'ரயில்' என்பதை 'லயில்' என்கிற பிள்ளை எப்போதும் 'லயில்' என்றுதான் சொல்லும். இரண்டு, ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போகும் இடம் இழுக்கும், அல்லது அறுந்து நிற்கும். மூன்று, பேச்சின் ஏற்ற இறக்கம் சரியாக அமையாது.

நம் தமிழில் யோசித்துப் பாருங்கள். படு, பாடு, பட்டு, பாட்டு. நாலும் நாலு அர்த்தம். வித்தியாசம் எங்கே இருக்கிறது? எவ்வளவு நேரம் இழுக்கிறோம், எவ்வளவு நேரம் அழுத்தி நிற்கிறோம் என்பதில். நமக்குக் கண் சிமிட்டுகிற நேர வித்தியாசம். ரூட் தெரியாத டிரைவருக்கு அது கொண்டை ஊசி வளைவு.

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு இது இருக்கலாம் என்பது வெளிநாட்டு ஆய்வாளர்கள் சொல்லும் மதிப்பு. காரணம் என்ன? லண்டனில் ஒரு குடும்பம். மூன்று தலைமுறை, அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தச் சிரமம். 2001-ல் விஞ்ஞானிகள் அந்தக் குடும்பத்தின் ரத்தத்தை வைத்து 'ஃபாக்ஸ்பி2' என்ற ஒரு மரபணுவில் இருந்த பிசகைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வேறு சில மரபணுக்களும் தெரியவந்திருக்கின்றன. எல்லாப் பிள்ளைகளுக்கும் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். தாய் முகங்கொடுத்துப் பேசாததால் இது வருவதில்லை. செல்போனாலும் வருவதில்லை. டீச்சர் இதைச் சொன்ன அன்று ராத்திரி, தங்கை மகள் எனக்கு போன் செய்து அழவில்லை. நிம்மதியாகத் தூங்கிவிட்டாள் என்று மறுநாள் தெரிந்தது.

இதில் என்ன பெரிய ஆபத்து, மெதுவாகப் பேசட்டுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். 2022 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நல்ல சீசன். ஐந்தருவியில் கூட்டம் நெரிந்தது. பையனுக்கு அப்போது நாலு வயது. ஈரத் துண்டைப் பிழிந்து நிமிர்வதற்குள் ஆளைக் காணோம். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்கு எழுத வேண்டியதும் இல்லை.

ரம்புட்டான் விற்கிற ஒரு அம்மாள் அவனைப் பிடித்து உட்கார வைத்திருந்தார். சுற்றிப் பத்துப் பேர். "ஒம் பேரு என்னய்யா?" பையன் வாயைத் திறக்கிறான், உதடு என்னென்னவோ செய்கிறது, சத்தம் வரவில்லை. கேரளத்துக் கூட்டம் நிறைய வருகிற இடமில்லையா, ஒருவர் "மோனே, பேரெந்தா?" என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர் இந்தியில் கேட்டுப் பார்த்திருக்கிறார். பையன் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தானாம். "ஊமப் பிள்ள போலுக்கு" என்று முடிவு செய்து, போலீஸ்காரரிடம் சொல்லி, மைக்கில் என்ன சொல்வதென்று தெரியாமல் "சிவப்பு டவுசர் போட்ட பையன்" என்று அறிவித்தார்கள். அதைக் கேட்டுத்தான் நாங்கள் ஓடினோம்.

அவனுக்குத் தன் பேர் தெரியும். அப்பா பேர் தெரியும். வீடு எந்தத் தெரு, வாசலில் என்ன நிறத்தில் கதவு, எல்லாம் தெரியும். கேட்ட கேள்வியும் புரிந்தது. பதில் உள்ளே தயாராக நின்றது. வெளியே வர வழியில்லை. அவ்வளவுதான். பேச வராததை, சொல்ல ஒன்றும் இல்லாததாக நாம் எடுத்துக்கொள்கிறோமே, அதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஒரு பள்ளியில், "பேச்சு வந்த பெறகு கூட்டிட்டு வாங்க, இவனுக்கு நாங்க என்னத்தச் சொல்லிக்கொடுக்க?" என்று திருப்பி அனுப்பினார்கள். பேச வராதவனுக்குப் படிப்பு வராது என்று யார் சொன்னது?

அன்றைக்கு ராத்திரி அவள் ஒரு முடிவெடுத்தாள். முதலில் செய்தது, பையன் கையில் போன் நம்பர் எழுதிய ஒரு பட்டை. அடுத்து, டீச்சர் கொடுத்த பயிற்சியை ஒரு நாள் விடாமல் செய்வது.

பயிற்சி என்றால் பெரிய மெஷின் எதுவும் கிடையாது. தாயும் பிள்ளையும் முகத்துக்கு முகம் உட்கார வேண்டும். பிள்ளை தாயின் வாயைப் பார்க்க வேண்டும். முதலில் இரண்டு பேரும் சேர்ந்து, மெதுவாக, இழுத்து அந்தச் சொல்லைச் சொல்வார்கள். உதடு குவிய வேண்டிய இடத்தில் தாய் விரலால் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவாள். அது பழகியதும் தாய் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பாள்; பிள்ளை சத்தம் போட்டுச் சொல்லும். அதற்குப் பிறகு தாய் சொல்லி முடித்ததும் பிள்ளை. கடைசியில், சொல்லிவிட்டுக் கொஞ்சம் நேரம் விட்டு, பிள்ளை தானாக. நீச்சல் பழக்கும்போது வயிற்றுக்கு அடியில் வைத்த கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போமே, அதே கதைதான். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த ஈடித் ஸ்ட்ராண்ட் என்ற பேச்சு நிபுணர் ஒழுங்குபடுத்திய முறை இது. இதைப் போல இன்னும் சில முறைகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொது விதி ஒன்றுதான். கொஞ்சம் சொற்கள், நிறையத் தடவை, அடிக்கடி.

விசில் ஊதச் சொல்வது, மெழுகுவர்த்தியை அணைக்கச் சொல்வது, நாக்கை நீட்டி மடக்கச் சொல்வது இதெல்லாம் இன்றைக்கும் பல இடங்களில் நடக்கிறது. அதனால் விசில் ஊத வரும். பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பேச்சு பழகப் பேச்சைத்தான் பழக வேண்டும்.

எந்தச் சொல்லில் தொடங்குவது? வழக்கமாக நிறம், பழம், மிருகம் என்று அட்டைகளை வைத்துக்கொண்டு உட்காருவோம். டீச்சர் கேட்டது வேறு கேள்வி. "பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ரொம்பத் தேவைப்படுற சொல்லு எது?" யோசித்து யோசித்து ஐந்து சொற்களை எடுத்தார்கள். வா, போ, தா, ஆமா, வேணாம்.

ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புளியங்கொட்டை டம்ளரில் விழும். சரியாக வந்தாலும் விழும், தப்பாக வந்தாலும் விழும். டம்ளர் நிறைந்தால் அன்றைய பாடம் முடிந்தது. காலையில் இட்லி வேகிற பத்து நிமிஷம், மத்தியானம் ஒரு பத்து, விளக்கேற்றிய பிறகு ஒரு பத்து. முதல் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது மாதம் 'போ' மாதிரி ஒன்று வந்தது, மறுநாள் காணாமல் போனது. இந்தப் பிள்ளைகளிடம் இது சகஜம் என்றார் டீச்சர். வந்த சொல் தொலையும், திரும்பத் தேட வேண்டும்.

அந்த வருஷம் தீபாவளிக்கு நான் போயிருந்தேன். வழக்கம்போலக் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு, முகத்தை நேராகப் பார்த்து, உதட்டைக் குவித்துத் தெளிவாகச் சொன்னான். "போ!"

வீடே கைதட்டியது. ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னை வேண்டாம் என்று ஒருவன் முகத்துக்கு நேராகச் சொல்லி, நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நாலு வருஷமாக வருகிறவர் போகிறவர் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினோம், தூக்கினோம், முத்தம் கொடுத்தோம். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு சொல் இல்லை. வேறு வழியில்லாமல் கடித்தான், உருண்டு அழுதான். நாம் அதற்கு 'அடம்' என்று பெயர் வைத்தோம்.

இடையில் சைகையும் படமும் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் படத்தைத் தொடலாம். "இதப் பழகிட்டா அப்புறம் பேசவே மாட்டானே" என்று ஆச்சிக்குப் பயம். நியாயமான பயம்தான். ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை; பல பிள்ளைகளுக்குக் கைகொடுக்கவே செய்கின்றன. சென்னையில் உருவான 'ஆவாஸ்' என்ற செயலி இப்படிப் படத்தைத் தொட்டால் சொல்லாக ஒலிக்கும். தமிழிலும் உண்டு. தொண்டை வறண்டவனுக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள், உச்சரிப்பு அப்புறம்.

இனி சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆரம்பத்தில் பயிற்சிக்காக இவர்கள் போனது திருநெல்வேலிக்கு. பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று பஸ் நின்று நின்று போகும். போக வர நாலு மணி நேரம். பயிற்சி அரை மணி நேரம். வாரத்துக்கு இரண்டு நாள். இந்தச் சிரமத்துக்கோ வாரத்தில் மூன்று முதல் ஐந்து தடவை பயிற்சி வேண்டும் என்கிறார்கள். கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு எத்தனை பேரால் முடியும்? ஒரு நாள் அவள் பஸ்ஸில் இருந்து போன் செய்தாள். "மாமா, இந்தப் பஸ்ஸுல உக்காந்திருக்க நேரத்துக்கு, வீட்டுல இருந்தா இவன் ஆயிரம் தடவ சொல்லிப் பாத்திருப்பான்." கணக்கு மிகச் சரி.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட ஒரு இடம் தென்காசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்க்குடி. ராமகிருஷ்ணன் என்று அந்த ஊர்க்காரர். பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனார். 1981-ல் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில். 1992-ல் தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் சங்கரராமன் வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே இரண்டு பேரும் வளர்த்த நிறுவனம் அது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

அவர்கள் செய்த பல காரியங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. வளர்ச்சியில் பின்தங்கும் சின்னக் குழந்தைகளை நிறுவனத்துக்கு வரச் சொல்வதோடு நிற்கவில்லை. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டுக்கு வீடு அனுப்புகிறார்கள். நிபுணர் பின்னால் இருந்து வழிகாட்டுவார். வருகிற பெண் தாய்க்குச் சொல்லிக்கொடுப்பாள். தாய் பிள்ளையோடு செய்வாள். பிள்ளை எப்படி முன்னேறுகிறது என்பதை ஒரு செயலியில் பதிந்துகொண்டே வருகிறார்கள். சொல்லப்போனால் சாதாரண யோசனை. ஆனால் அப்ரேக்ஸியா மாதிரி தினசரிப் பழக்கம் கேட்கிற விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. எங்கள் பையனின் டீச்சரும் கடைசியில் அந்த வழிக்குத்தான் வந்தார். வாரம் ஒரு நாள் நேரில், மற்ற நாள் வீடியோவில் தாய்க்குப் பாடம்.

மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனம் 1965-ல் தொடங்கியது. அன்றிலிருந்து ஆட்களைப் படிக்கவைத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். சென்னையிலும் படிப்பு இருக்கிறது. 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த குழந்தைகள் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் டாக்டர் குழு வந்து பார்க்க வேண்டும், மாவட்டத்துக்கு ஒரு ஆரம்ப நிலைச் சிகிச்சை மையம், அதில் பேச்சுப் பயிற்சியாளர் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். 2019-ல் தென்காசியும் தனி மாவட்டமாகிவிட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அதை விளக்கும் இடத்தில் குரல்வளையை எடுத்தவர்களையும், மூளை பாதிப்பால் பேச்சு இழந்தவர்களையும் உதாரணம் சொல்கிறார்கள். பேச்சு வந்து போனவர்கள் ஞாபகத்துக்கு வந்திருக்கிறார்கள். வராமலே நிற்கிற பிள்ளைகளும் இனி ஞாபகத்துக்கு வரவேண்டும். அரசு மருத்துவமனைக்குப் போகும்போது, "பேச்சுப் பயிற்சியாளர் என்னைக்கு வருவாங்க?" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் நாற்காலிக்கு ஆள் வரும்.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். திருப்பி அனுப்பாத பள்ளிக்கூடம். தன் பேரைச் சொல்கிறான். நடுவில் ஒரு சின்ன நிறுத்தம் வரும், ஆனால் சொல்லிவிடுவான். அப்பா பேரும் தெருப் பேரும் சொல்கிறான். 'பாட்டு' இன்னும் சில நாள் 'பட்டு' ஆகிறது. நீளமான சொல் வந்தால் மூச்சு வாங்குகிறது. களைத்துப்போனால் பழைய சொற்களே கலைகின்றன. 'ழ' வரவில்லை. வராவிட்டால் போகிறது; மேடையில் பேசுகிறவர்களுக்கே வருவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் இந்த அளவுக்கு வருவார்களா என்றால், அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. சிலர் நன்றாகப் பேசிவிடுவார்கள், சிலருக்குப் படமும் செயலியும் கடைசி வரை துணைக்கு வரும். இரண்டிலும் பிள்ளை சொல்ல நினைத்தது வெளியே வந்துவிடும்.

உங்கள் வீட்டில் ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லையா? இரண்டு வயதாகியும் 'அம்மா வா' மாதிரி இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லையா? பிள்ளையின் அப்பா எப்போது பேசினார் என்கிற ஆராய்ச்சியை ஒத்திவைத்துவிட்டு, காதைச் சோதியுங்கள். பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். எல்லாமே அப்ரேக்ஸியாவாக இருக்காது. பெரும்பாலும் இருக்காது. பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நல்லதுதானே!

பிள்ளை உங்கள் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில், ரயிலில், கல்யாண வீட்டில் இருக்கிறது என்றால் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. "எங்க, மாமா சொல்லு பாப்போம்" என்று எல்லோர் முன்னாலும் பரீட்சை வைக்காதீர்கள். கேட்கும்போது சட்டென்று வராது, அதுதான் அந்தக் கோளாறே. பிள்ளை வாயைத் திறந்து தடுமாறும்போது நீங்களே சொல்லை முடித்து வைக்காதீர்கள். புரியாமல் புரிந்த மாதிரி தலையாட்டாதீர்கள், குழந்தைக்குத் தெரிந்துவிடும். "எங்க இருக்கு, காட்டுய்யா" என்று கேளுங்கள். கையால் காட்டினால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், அதன் கண்ணைப் பார்த்தபடி, மனசுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். எங்கள் பையனுக்குப் பெரும்பாலும் ஏழில் வந்துவிடுகிறது.